கண்கொண்டு கேட்ட இசை

இசை செவிக்கு உரியது, ஓவியம் கண்ணுக்கு உரியது என்று நுண்கலைகளைப் பாகுபடுத்திக் கூறுவது வழக்கம். பாகுபாடு படிப்பதற்கு எளிது, அனுபவத்தோடு பொருந்துவதில்லை. நம்முடைய கோயில் வீதிகளிலே இரவுத் திருவிழாவில் மேளச் சமா நடக்கும்போது சனங்கள் எங்கே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். ஒலி வீதி முழுவதுங் கேட்கின்றது. ஒலிபெருக்கி கட்டினால் அயற்கிராமத்துக்குங் கேட்கின்றது. இருந்தும், தவிற்காரரின் விரல்களைக் காணக்கூடிய அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேதான் எல்லாரும் புகுந்துவிடப் பார்க்கிறார்கள். வாத்தியம் வாசிப்பவரை நேரிற் காண்பதிலே, காதாற் கேட்பதில் அடங்காத இன்பம் ஒன்று இருக்கின்றது.

இந்த இன்பத்துக்கு ஐரோப்பியரின் இசையரங்கிலே நிலையானதோர் அமைப்பைத் தேடிக் கொடுத்தவர் யார் என்று என்னைக் கேட்டால், நான் கூறும் பெயர் பிரான்ற்ஸ் லிஸ்ற். பியானோப் பயிலும் மாணவர்கள் அவரை விரல் முறியும் உருப்படிகளை எழுதி வைத்த ஆசிரியராக அறிவர். இசை வரலாறு படித்தவர்கள் வாக்னரின் மாமனாராகவும் அறிவர். நான் இங்கே எழுதப் புகுவது மேடையிலே காணப்பட்ட லிஸ்ற்றைப் பற்றி.

அவர் 1811ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி ரைடிங் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். அன்று அது ஹங்கேரி அரசுக்கு உட்பட்ட ஊர். இன்று ஆஸ்திரியாவின் எல்லைக்குள் இருக்கின்றது. தந்தையார் ஆதாம் லிஸ்ற், எஸ்ற்றர்ஹாசிப் பிரபு குடும்பத்தின் பண்ணைகளிலே கணக்கும் மேற்பார்வையும் பார்த்த உத்தியோகத்தர். செலோ வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். அப்பிரபு மாளிகையின் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசித்தவர். பெரிய இசைவாணரை அருகிருந்து கண்டவர். தமக்கு எட்டாது போனதை மகன் எட்டவேண்டுமென அத்தகைய தந்தை ஆசைப்பட்டதில் வியப்பில்லை. 1820ஆம் ஆண்டிலே, ஒன்பது வயதில், சிறுவன் மேடையேறிவிட்டான். இன்று பிராத்திஸ்லாவா எனப்படும் பிரெஸ்பூர்க் நகரில் அவன் வாசித்ததைக் கண்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர் ஒன்றுகூடி, ஆறாண்டுக் கல்விக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தனர். குடும்பம் வியன்னாவுக்குப் பெயர்ந்தது. பீத்தோவனின் மாணாக்கராகிய செர்னி, சிறுவனுக்குக் கூலி வாங்காமலே பியானோக் கற்பித்தார். முதியவர் சலியேரி இசையாக்க இலக்கணங் கற்பித்தார்.

1823ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி வியன்னாவில் நடந்த கச்சேரிக்குப் பீத்தோவன் வந்திருந்தார், மேடையேறிச் சிறுவனை முத்தமிட்டார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. அன்று அவர் வரவேயில்லை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அது பீத்தோவனின் வீட்டிலே நடந்ததென்று லிஸ்ற் தம் முதுமையிற் கூறியதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கே நடந்தது என்பதைவிட வேறொன்றே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. பீத்தோவன் அப்போது செவிப்புலனை இழந்திருந்தார். அச்சிறுவனின் வாசிப்பை அவர் அறிந்திருப்பாராயின், கண்ணின் வாயிலாகவே பெரும்பாலும் அறிந்திருத்தல் வேண்டும். விரல்கள் கட்டைகளில் ஓடும் ஓட்டத்தையும், தோள் அசைவதையும், முகம் மாறுவதையுங் கண்டு, உள்ளேயிருந்து ஒலியைத் தாமே வருவித்துக்கொண்டிருத்தல் வேண்டும். லிஸ்ற்றைக் கண்ணாற் கேட்டவருள் முதல்வர் பீத்தோவன் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. கதை பொய்யாயினும் பொருத்தமான பொய்.

அவ்வாண்டின் முடிவிலே தந்தையும் மகனும் பாரிஸ் நகரஞ் சேர்ந்தனர். அங்குள்ள இசைக் கல்லூரி, பிறநாட்டு மாணவரைப் பியானோ வகுப்பிற் சேர்ப்பதில்லை என்ற விதியைக் காட்டிச் சிறுவனைத் திருப்பி அனுப்பிற்று. விதியைக் காட்டிய தலைவர் கெருபீனி, தாமும் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர் என்பது வேடிக்கை. கல்லூரி மூடிய கதவுக்குப் பதிலாக எரார் என்னும் பியானோச் சிற்பியின் பட்டறைக் கதவு திறந்தது. இந்த எரார் 1821ஆம் ஆண்டிலே பதிவுசெய்த பொறியமைப்பு ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பழைய பியானோவிலே ஒரு கட்டையை அழுத்தினால், அது முற்றாக மேலெழுந்த பின்னரே மறுபடி அதே தந்தியைத் தட்டலாம். எராரின் பொறியிலே கட்டை பாதி எழும்போதே மீண்டும் அழுத்தலாம். சுத்தியல் உடனே தட்டும். ஒரே சுரத்தை மழைத்துளிபோல் அடுக்கடுக்காக ஒலிப்பிக்க அது வழிசெய்தது. லிஸ்ற்றின் விரல் அந்தப் பொறிக்காகவே படைக்கப்பட்டதுபோல் இருந்தது. எரார் நிறுவனத்தாரும் அதனை நன்கறிந்து, சிறுவன் போகும் ஊர்களிலெல்லாந் தங்கள் பியானோ இருக்குமாறு பார்த்துக்கொண்டனர்.

1827ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, கடற்கரையூராகிய பூலோனில், தந்தையார் காய்ச்சல் கண்டு இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயது நிரம்பவில்லை. தாயாரைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டு, காலைமுதல் இரவுவரை வீடுவீடாகச் சென்று பியானோக் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்கினார். மாணவியருள் ஒருத்தி மந்திரி ஒருவரின் மகள்; பெயர் கரோலின். இருவரும் அன்புகொண்டனர். மந்திரி வாத்தியாரை வாசலோடு அனுப்பிவிட்டார். அத்துயரத்தாலே லிஸ்ற் படுத்த படுக்கையானார்; 1828ஆம் ஆண்டிலே பாரிஸ் பத்திரிகை ஒன்று அவர் இறந்துவிட்டதாகவே செய்தி வெளியிட்டது. தம் மரணச் செய்தியைத் தாமே வாசிக்கும் பேறு பதினேழு வயதுக்குள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! மேடை வெறுத்துப் போய்ச் சமயநூல்களிலே மூழ்கி, குருவாகிவிடலாமா என்றும் எண்ணினார்.

அவரை மீண்டும் மேடைக்கு இழுத்தது ஒரு காட்சி. 1832ஆம் ஆண்டு வசந்தத்திலே கொலரா நோய் பாரிசைச் சூறையாடிற்று, பல்லாயிரவர் மாண்டனர். நோயுற்றோருக்கு உதவும்பொருட்டு ஏப்ரில் மாதத்தில் வயலின் மேதை பகனீனி ஒரு கச்சேரி செய்தார். இருபது வயது லிஸ்ற் அங்கே இருந்தார். பகனீனியைப் பற்றி அக்காலத்தார் எழுதிய குறிப்புகளைப் படித்தால், பாதி எழுத்து இசையைப் பற்றியதன்று, தோற்றத்தைப் பற்றியது. கறுப்புடை, எலும்புந் தோலுமான மேனி, தோளில் வழியும் மயிர், நீண்டு வளையும் விரல்கள். ஒரே தந்தியில் முழு உருப்படியையும் வாசிப்பார். வலக்கை வில்லை இழுக்கும்போதே இடக்கை விரலாலே தந்தியைச் சுண்டுவார். சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வித்தை வாங்கியவர் என்று சனங்கள் மெய்யாகவே பேசிக்கொண்டனர்.

இளைஞர் லிஸ்ற்றுக்கு அக்காட்சி வேறு பாடத்தைப் புகட்டிற்று. ஒரு வாத்தியத்தின் எல்லை என்று ஆசிரியர்கள் வரைந்து வைத்த கோடு பொய்க்கோடு என்பதை அவர் கண்முன்னே கண்டார். வீட்டுக்குத் திரும்பி, நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் விரற்பயிற்சி மட்டுஞ் செய்யத் தொடங்கினார். பகனீனியின் உருப்படிகளைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். அவை இன்றும் வித்துவான்களுக்குப் பெருஞ்சோதனையாக இருக்கின்றன. ஆனால் 1840ஆம் ஆண்டிலே பகனீனி இறந்தபோது லிஸ்ற் எழுதிய கட்டுரை வெறும் புகழ்மாலையன்று. அத்தனை பெரிய வித்தையும் தன்னலத்திலே குறுகிப் போயிற்று என்ற குறை அதிலே தொனிக்கின்றது. வருங்காலக் கலைஞன் அவ்வாறிருத்தலாகாது என்று அவர் பிறருக்குக் கூறியது தமக்குந்தான் என்று நினைக்கின்றேன்.

இடையிலே அவருக்கு ஒரு போட்டியாளர் தோன்றினார்: தால்பெர்க். இவர் வாசிக்கும்போது உடல் சற்றும் அசையாது. நிமிர்ந்த முதுகு, அமைதியான முகம். ஆயினும் கேட்பவர் காதில் மூன்று கைகள் வாசிப்பதுபோல் ஒலிக்கும். இராகத்தின் நடுவோட்டத்தை இரண்டு பெருவிரல்களும் மாறிமாறி ஏந்த, மற்ற விரல்கள் மேலுங் கீழும் அலையலையாகச் சுரங்களைப் பொழியும். அந்த மூன்றாவது கை எங்கேயிருந்து வருகின்றது என்று காணச் சபையோர் ஆசனத்தை விட்டு எழுந்து நிற்பார்களாம். லிஸ்ற்றோ உடம்பு முழுவதாலும் வாசிப்பவர்; மயிரைப் பின்னே தள்ளுவார், கையை உயரத் தூக்குவார், முகத்திலே உருப்படியின் ஒவ்வொரு கட்டமும் எழுதிக் காட்டும். 1837ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, பாரிசிலே பெல்ஜியோயோசோ இளவரசியின் மாளிகையில் இருவரும் ஒரே மேடையில் வாசித்தனர். நாடிழந்து வந்த இத்தாலியருக்கு உதவும் நிதிக்கான கச்சேரி அது. சீட்டு ஒன்றுக்கு 40 பிராங்க். யார் வென்றார் என்ற கேள்விக்குச் சாமர்த்தியமான மறுமொழி சொல்லித் தப்பிக்கொண்டார் இளவரசி. எனக்குச் சுவை தருவது வெற்றி தோல்வியன்று. அசையாதவர், அசைபவர் இருவரையுமே மக்கள் கண்ணாற் காணத்தான் முட்டி மோதினர். அசையாமையும் ஒரு காட்சியே. நம் வித்துவான்களிலும் இவ்விரு சாதியாரும் உண்டல்லவா?

இனி லிஸ்ற் செய்த பெரிய மாற்றத்துக்கு வருவோம். அக்காலக் கச்சேரி இன்றைய கச்சேரி போன்றதன்று. பாடகி ஒருத்தி இரண்டு பாட்டுப் பாடுவாள். வாத்தியக் குழு ஓர் உருப்படி வாசிக்கும். குழலூதுவோர் ஒருவர் வருவார். இடையே பியானோ வித்துவானும் வந்து போவார். ஒரே ஒருவர், ஒரே ஒரு வாத்தியத்தோடு, மாலைப்பொழுது முழுவதையும் நிரப்பலாம் என்று யாரும் நினைத்ததில்லை. 1839ஆம் ஆண்டிலே ரோமாபுரியில் லிஸ்ற் அத்துணிவைக் கைக்கொண்டார். 1840ஆம் ஆண்டு யூன் 9ஆந் திகதி இலண்டன் ஹனோவர் சதுக்க மண்டபத்தில் அவர் நடத்திய கச்சேரிக்கு, செய்யுளை மனனமாக ஒப்புவித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பெயராக வைத்து விளம்பரஞ் செய்தனர். பியானோவிலே எவரேனும் செய்யுள் ஒப்புவிக்க இயலுமா என்று இலண்டன்காரர் நகைத்தனர். நகைத்த சொல்லே நிலைத்துவிட்டது. தனிக் கச்சேரியை ஆங்கிலேயர் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றனர்.

மேடையமைப்பிலும் அவர் கவனஞ் செலுத்தினார். வாசிப்பவரின் பக்கத்தோற்றம் சபைக்குத் தெரியும்படி பியானோவைக் குறுக்காக நிறுத்துவதை அவருக்கு முன்னரே டுசெக் என்பவர் செய்திருந்தார். லிஸ்ற் அதனை நிலைநாட்டினார். மூடி சபையை நோக்கித் திறந்து நின்று ஒலியை முன்தள்ளும். முகமும் விரல்களும் ஒருங்கே தெரியும். சுரக்குறிப்புத் தாள் இல்லாது மனனமாகவே பெரும்பாலும் வாசித்தார். கிளாரா வீக் என்னும் இளம் பெண்மணியும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வாறு செய்யத் துணிந்தவர். அப்பெருமையை இருவருக்குமே பகிர்ந்து கொடுப்பது நியாயம். தாள் நீங்கியதனால் விளைந்தது என்ன? வாசிப்பவருக்கும் சபைக்கும் இடையில் நின்ற திரை விலகிற்று. எழுதி வைத்ததை ஒருவர் படிக்கிறார் என்ற எண்ணம் போய், இசை இப்போதுதான் இவர் உள்ளத்திற் பிறக்கின்றது என்ற மயக்கம் உண்டாயிற்று. நான் கொழும்பிலே பியானோக் கச்சேரிக்குப் போகும்போது மண்டபத்தின் இடப்பக்கத்திலே இடந் தேடுவது வழக்கம்; அங்கிருந்துதான் விரல்கள் தெரியும். அந்தப் பக்க ஆசனங்கள் முதலில் நிரம்புவதைக் கண்டு பலமுறை சிரித்திருக்கின்றேன். மற்றவர்களும் என்னைப் போலவே லிஸ்ற்றின் கடனாளிகள்.

இதிலெல்லாம் உச்சம் 1842ஆம் ஆண்டு ஏப்ரிலிலே சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நடந்தது. பிரபுக்கள் மண்டபத்திலே மூவாயிரம் பேர் கூடியிருந்தனர். மண்டபத்தின் நடுவே சிறு மேடை. அதன்மேல் எதிரெதிர்த் திசை நோக்கிய இரண்டு பியானோக்கள். ஓர் உருப்படியை ஒன்றிலும் அடுத்ததை மற்றதிலுமாக மாறிமாறி அமர்ந்து வாசித்தார். மண்டபத்தின் இருபாதியாரும் முறைவைத்து அவர் முகத்தைக் கண்டனர். படியேறிச் செல்லாமல் பக்கவாட்டிலே தாவி மேடையேறினாராம். வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிப் பியானோவின் கீழே வீசினாராம். அன்று மாணவராக அம்மண்டபத்தில் இருந்து, பிற்காலத்திலே ருசியாவின் பெருந் திறனாய்வாளரான ஸ்தாசோவ் இவற்றையெல்லாம் எழுதி வைத்தார். கையுறை விழுந்த இடத்தைக்கூட மறவாத கண் எத்தகைய கண்!

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் பெர்லின் நகரம் பித்துக்கொண்டிருந்தது. 1841 டிசம்பர் இறுதியிலே அங்கு தொடங்கியவர், பத்து வாரங்களில் 21 கச்சேரிகள் செய்தார். ஏறத்தாழ 80 உருப்படிகள் வாசித்தார். அவற்றுள் 50 மனனமாக. சீமாட்டிகள் அவர் எறிந்த சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கினர். அறுந்த பியானோத் தந்திகளைக் கைக்காப்பாக அணிந்தனர். 1842 மார்ச் மாதத்தில் ஆறு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியிலே, முப்பது வண்டிகள் பின்தொடர, அரசரைப்போல் நகரை விட்டுப் புறப்பட்டார். இந்த வெறிக்குக் கவிஞர் ஹைனே ஒரு நோயின் பெயர்போல் பெயர் சூட்டிக் கேலி செய்தார். அந்தப் பெயர் கேலி நீங்கி இன்றும் வழங்குகின்றது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். இந்த ஆர்ப்பாட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு லிஸ்ற்றை மேடைவித்தைக்காரர் என்று தள்ளிவிடுவோர் உளர். கச்சேரி முடிவில் அவர் வாசித்து வந்த துள்ளோட்ட உருப்படிகளில் வெறும் ஓசையே மிகுதி என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆயின் அதே விரல்கள், வாசிக்க முடியாதது என்று பலர் அஞ்சி ஒதுக்கிய பீத்தோவனின் மாபெரும் 106ஆம் இலக்கச் சொனாட்டாவை 1836ஆம் ஆண்டிலே பாரிஸ் சபையோர்க்கு வாசித்துக் காட்டின. வாத்தியக் குழு எட்டாத ஊர்களிலே, பீத்தோவனின் பெருஞ் சிம்பொனிகளை அவர் ஒரு பியானோவிலே ஒலிப்பித்தார். சூபேட்டின் பாட்டுகளைப் பியானோவுக்கு எழுதி, அப்பெயரை அறியாத நாடுகளுக்கெல்லாங் கொண்டு சென்றார். ஒலிப்பதிவு இல்லாத காலத்திலே ஒரு மனிதர் குதிரை வண்டியிற் சுமந்து சென்ற நூல்நிலையம் அது.

பணத்தையும் அவர் சேர்த்து வைத்தாரல்லர். 1838ஆம் ஆண்டு தன்யூப் நதி பெருகிப் பெஸ்ற் நகரை அழித்த செய்தியை வெனிசிலே அறிந்தவுடன் வியன்னாவுக்கு விரைந்து, தொடர்ந்து கச்சேரிகள் செய்து பெருந்தொகை திரட்டி அனுப்பினார். பொன் நகரில் பீத்தோவனுக்குச் சிலை எடுக்க முயன்றோர் பணமின்றித் திகைத்தபோது 10,000 பிராங்க் தருவதாக முன்வந்தார். 1845ஆம் ஆண்டு சிலை திறக்கப்பட்டபோது, விழாவுக்கு மண்டபம் போதாதென்று கண்டு, இரண்டு வாரத்துக்குள் மரத்தாலே ஒரு மண்டபங் கட்டுவித்தார். காதாற் கேளாத பீத்தோவன் கண்ணாற் கண்டு முத்தமிட்ட கதை மெய்யோ பொய்யோ, அந்தக் கடனை லிஸ்ற் மெய்யாகவே செலுத்தினார்.

லிஸ்பன் முதல் கொன்ஸ்தாந்திநோபிள் வரை, டப்ளின் முதல் கீவ் வரை, 1839க்கும் 1847க்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை அவர் மேடையேறினார் என்பர். பெரும்பாலும் குதிரை வண்டிப் பயணம். பனியும் சேறும் நிறைந்த பாதை. அக்காலப் பியானோவின் மரச்சட்டம் அவர் கைவேகத்தைத் தாங்காது. தந்தி அறும், சுத்தியல் முறியும். கூட்டத்திலே சிலர் அதைக் காணவே வந்தனர். இங்கேதான் எனக்கு ஒரு துன்பம் தோன்றுகின்றது. காண்பதன் இன்பத்தை இசைக்குத் துணையாக்கியவர், ஒருநாள் இசையே காட்சிக்குத் துணையாகிவிட்டதைக் கண்டிருப்பார். திரைக்குப் பின்னே அமர்ந்து லிஸ்ற் வாசித்தால் அதன் கவிதையிற் பெரும்பகுதி போய்விடும் என்ற கருத்தை ஷூமான் புகழ்ச்சியாகவே எழுதினார். அந்தப் புகழ்ச்சியைத் தனிமையிலிருந்து நினைக்கும் கலைஞனுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! முகம் இல்லாவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி அவரை விட்டிராது.

1847ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கீவ் நகரில் கரோலின் என்னும் பெயர்கொண்ட இளவரசி ஒருத்தியைச் சந்தித்தார். இசையாக்கமே உமது தொழில், அலைந்தது போதும் என்று அவள் வற்புறுத்தினாள். அதே ஆண்டு செப்டெம்பரில் எலிசவெத்கிராத் நகரிலே சில கச்சேரிகள் செய்தார். உக்ரெயினில் இப்போது குரோப்பிவ்னித்ஸ்கி என்னும் பெயரோடு இருக்கும் ஊர் அது. அதன்பின்னர்த் தம் பொருட்டுப் பணம் வாங்கி அவர் பியானோ வாசித்ததில்லை. வயது முப்பத்தைந்து. கை தளரவில்லை, கூட்டம் குறையவில்லை. ஐரோப்பா முழுவதும் காணத் துடித்த காட்சியை, அதைக் காட்டியவரே மூடிவிட்டார்.

அவருடைய குடும்ப வாழ்வைப் பற்றி எழுதுவோர் நூறு பக்கம் நிரப்புவர். நான் விரைந்து செல்கின்றேன். மரீ தாகூ என்னும் சீமாட்டியோடு வாழ்ந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார். மூத்த மகளையும் மகனையும் இளவயதிலேயே சாகக்கொடுத்தார். நடுமகள் கோசிமாவே பின்னாளில் வாக்னரை மணந்தவள். கரோலின் இளவரசியோடு ரோமாபுரியிலே நடக்க இருந்த திருமணம், 1861ஆம் ஆண்டு அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முன்தினம் தடைப்பட்டது. 1865இல் கத்தோலிக்க சமயத்தின் சிறுபட்டங்களைப் பெற்று, கறுப்பங்கி தரித்த குருவாகத் திரிந்தார்; இளமையில் எண்ணியதை முதுமையில் ஒருவாறு முடித்துக்கொண்டார்.

1848 முதல் வைமார் அரசவையிலே வாத்தியக் குழுவை நடத்தினார். அவ்வேலையில் அவர் முதுகைத்தான் சபை கண்டது. முன்னே தெரிந்தது பிறருடைய இசை. நாட்டிலிருந்து துரத்தப்பட்டிருந்த வாக்னரின் லோகென்கிரின் நாடகத்தை 1850ஆம் ஆண்டு ஓகஸ்ற் 28ஆந் திகதி முதன்முதலாக அரங்கேற்றியவர் லிஸ்ற்றே. வாக்னர் அதைக் காண வர இயலாது சுவிற்சர்லாந்திலே இருந்தார். தம் உருப்படிகளுள் மிகச் சிறந்ததென நான் மதிக்கும் பீ மைனர் சொனாட்டாவை 1853இல் எழுதி முடித்தார். அதனை அவர் வாசித்தபோது இளைஞர் பிராம்ஸ் தூங்கிவிட்டார் என்றொரு கதை உண்டு. உண்மையானால், பெர்லின் சீமாட்டிகள் மயங்கி விழுந்ததைவிட லிஸ்ற்றுக்கு அது நல்ல மருந்து.

காட்சி முற்றாக மறைந்துவிடவில்லை, இடம் மாறிற்று. 1869 முதல் கோடைதோறும் வைமாரிலும், பின்னர் புடாபெஸ்றிலும் ரோமாபுரியிலும் ஆண்டைப் பங்கிட்டுக்கொண்டு, மாணவர்களுக்குக் கற்பித்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் யாவரும் சூழ்ந்திருந்து காண்பர். இடையிலே ஆசிரியர் மாணவரை எழுப்பிவிட்டுத் தாமே அமர்ந்து சில அடிகள் வாசித்துக் காட்டுவார். அந்தச் சில அடிகளுக்காகவே அமெரிக்காவிலிருந்தும் ருசியாவிலிருந்தும் இளைஞர் வந்தனர். எமி ஃபே என்னும் அமெரிக்கப் பெண்மணி 1873இல் அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. அவற்றிலே விரல்களைப் பற்றி எழுதியதற்குக் குறையாமல் முகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இன்று உலகெங்கும் இசைக் கல்லூரிகளிலே பலர் பார்த்திருக்க ஒருவருக்குக் கற்பிக்கும் வகுப்பு முறை அந்த அறையிலிருந்து பரவியதே. நமது குருகுலத்திலே சீடன் அருகிருந்து கைபார்த்துக் கற்றதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

எடிசன் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டுபிடித்தது 1877ஆம் ஆண்டில். லிஸ்ற் அதன்பின் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். இருந்தும் அவர் வாசிப்பிலே ஒரு சுரங்கூட நமக்குக் கிடைக்கவில்லை. சாவுவர், லமொண்ட் முதலிய மாணாக்கர் சிலரின் இசைத்தட்டுகள் உண்டு. அவை மாணாக்கரின் கைகள். லிஸ்ற்றிடமிருந்து எஞ்சியவை எல்லாம் கண்ணுக்குரியவை: புகைப்படங்கள், சாந்தில் வார்த்தெடுத்த கையின் உருவம், கேலிச்சித்திரங்கள், டான்ஹவுசர் 1840இல் தீட்டிய ஓவியம். அவ்வோவியத்திலே பகனீனியும் ரொசீனியும் அருகருகே நிற்க, மரீ தாகூ தரையிலே அமர்ந்திருக்க, லிஸ்ற் பீத்தோவனின் சிலைமுகத்தை நோக்கியபடி வாசிக்கிறார். ஒலியை எழுத ஓவியருக்கு வழியில்லை; கேட்போர் முகங்களை எழுதினார். நூற்றெண்பது ஆண்டு கடந்தும் அம்முகங்களைப் பார்த்துத்தான் நாம் அந்த வாசிப்பை ஊகிக்கின்றோம்.

1886ஆம் ஆண்டு ஏப்ரிலில், எழுபத்து நாலாம் வயதிலே, அவர் மீண்டும் இலண்டன் சென்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகர் அவரைக் கண்டிருக்கவில்லை. போன இடமெல்லாங் கூட்டம் சூழ்ந்தது. அவர் கண்களிலோ படலம் படர்ந்து பார்வை மங்கிக்கொண்டிருந்தது. யூலை 19ஆந் திகதி லக்சம்பூர்க் நகரிலே ஒரு கச்சேரிக்கு விருந்தினராகப் போனவர், கூடியிருந்தோர் வேண்டவே எழுந்து சென்று பியானோவின் முன் அமர்ந்து சில சிறு உருப்படிகள் வாசித்தார். பொதுமேடையில் அவர் வாசித்தது அதுவே கடைசி. இரண்டு நாளிற் பைரோயித் நகரஞ் சேர்ந்தார். பயணத்திலே பிடித்த சளி மார்பில் இறங்கியிருந்தது. மருமகன் வாக்னர் இறந்து மூன்றாண்டாகியும், அவரது நாடக விழாவைக் கோசிமா நடத்திக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு 25ஆந் திகதி திரிஸ்தான் நாடகத்துக்குப் போய், இருமலை அடக்கிக்கொண்டு அரங்கின் தனியறையிலே இருந்தார். 31ஆந் திகதி இரவு உயிர் பிரிந்தது. உடலை அவ்வூரிலேயே அடக்கஞ் செய்தனர்.